டாலி ஆகாத முகம்

ஒரு திங்கட்கிழமை காலை பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தேன். நான் துப்புவதற்கு முன்பே தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாகக் கிளம்பி பனியனில் இறங்கியது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். அடுத்து காபி. அதுவும் அதே ரூட். "ஏங்க, சின்னக் குழந்தையா நீங்க?" என்று துண்டோடு வந்த மனைவி, என் முகத்தைப் பார்த்ததும் துண்டைக் கொடுக்க மறந்து அப்படியே நின்றாள்.

போய்க் கண்ணாடியில் பார்த்தேன். வலது பாதியில் நான் இருந்தேன். இடது பாதியில் யாரும் இல்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. டாக்டர், "புருவத்தை உயர்த்துங்க" என்றார். உயர்த்தினேன். ஒன்றுதான் போனது. "நெத்தியும் சேர்ந்து ஸ்ட்ரைக். நல்லது" என்றார். இதில் நல்லது எங்கிருந்து வந்தது என்று விழித்தேன் (ஒரு கண்ணால்). மூளையில் வரும் பக்கவாதம் என்றால் பெரும்பாலும் நெற்றி மட்டும் தப்பித்துவிடுமாம். நெற்றியோடு சேர்ந்து முழுப் பாதியும் படுத்துவிட்டால், காதுக்குப் பக்கத்திலிருந்து முகத்துக்கு வரும் ஏழாவது நரம்பில் தகராறு. பெயர் பெல்ஸ் பால்ஸி. (இதைப் படித்துவிட்டு நீங்களே கண்ணாடி முன்னால் நின்று புருவத்தைத் தூக்கித் தீர்ப்பு எழுதாதீர்கள். வாய் கோணினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. என்ன வியாதி என்பதை அவர்கள் சொல்லட்டும்.)

ஸ்டீராய்டு மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி இமையை இழுத்து மூடி பிளாஸ்திரி. "முக்காவாசிப் பேருக்கு சில வாரத்துல திரும்ப ஆரம்பிச்சுடும். சில மாசத்துல சரியாயிடும். சில பேருக்குக் கொஞ்சம் பாக்கி நிக்கும்."

"நான் எந்தக் கோஷ்டி டாக்டர்?"

"மூணு வாரம் கழிச்சு சொல்றேன்."

நான் பி.காம். இடது பக்கம் லயபிலிட்டி, வலது பக்கம் அஸெட் என்று நடுவில் கோடு போட்டு பேலன்ஸ் ஷீட் எழுதிப் பழகியவன். இரண்டு பக்கமும் டாலி ஆகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இப்போது தூக்கம் வந்தாலும் இடது கண் மூடாது.

வெளியே போவதை நிறுத்தினேன். போனில் பேசுவதும் கஷ்டம். 'ப', 'ம' இரண்டும் உதட்டை ஒட்டினால்தானே வரும்? ஒட்டாத பக்கமாகக் காற்று போய்விடுகிறது. பத்திரிகை ஆபீஸிலிருந்து பேசிய உதவி ஆசிரியர், "என்ன சார், வெத்தலை பாக்கா?" என்றார். ஆமாம் என்றேன். முக்கியமாகச் சிரிப்பதை நிறுத்தினேன். சும்மா இருந்தால் முகம் ஓரளவு ஒப்பேறும். சிரித்தால் வலது பக்கம் மட்டும் காதை நோக்கிப் புறப்பட்டுப் போகும். நாலைந்து நாள் கழித்து இரண்டாம் கிளாஸ் படிக்கிற என் பெண் வந்து, "அப்பா, எம்மேல கோவமா?" என்று கேட்டாள். இல்லை என்று சிரித்துக் காட்டியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன்.

பிஸியோதெரபி அம்மா ஒரு பயிற்சிப் பட்டியல் கொடுத்திருந்தார். தினம் மூன்று வேளை கண்ணாடி முன் உட்கார்ந்து புருவம் தூக்கு, கண்ணை மெல்ல மூடு, கன்னத்தை உப்பு, விசில் அடி, அ, இ, உ சொல். முப்பது வயதுக்கு மேல் ஓர் ஆண்பிள்ளை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்து விசில் அடிக்க முயல்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். அதுவும் விசில் வராமல்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேல் மாடி டிராயிங் மாஸ்டர் பேப்பர் கடன் வாங்க வந்தார். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. லோயர் கிரேடு, ஹையர் கிரேடு டிராயிங் பரீட்சைக்குக் கணக்கில்லாத பையன்களைத் தேற்றி அனுப்பியவர். நான் கன்னத்தை உப்பி, காற்று புஸ்ஸென்று போனதைச் சாவகாசமாகப் பார்த்தார்.

"தம்பி, மூணு வேளையும் கண்ணாடி முன்னால உக்கார்றீங்களே, பாக்கறீங்களா?"

"பாத்துக்கிட்டுதானே சார் இருக்கேன்."

"பாக்கலே. பயந்துக்கிட்டிருக்கீங்க. சும்மா உக்கார்ற நேரத்துல வரையுங்க."

"எதை சார்?"

"அதான் எதிர்லயே இருக்கே."

மறுநாள் சாமான் லிஸ்ட் வந்தது. HB, 2B, 4B, 6B பென்சில்கள், கேட்ரிட்ஜ் தாள் ஆறு, பலகை, கிளிப், பிசைகிற ரப்பர். இந்தப் பிசைகிற ரப்பர் ஒரு விசேஷம். சப்பாத்தி மாவு மாதிரி உருட்டி, கூராக்கி, அழிக்காமல் ஒற்றி எடுக்கலாம். ஷார்ப்பனர் கூடாதாம். ப்ளேடால் சீவி, முனை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். பாதி பென்சில் போன பிறகு எனக்கு அது கைவந்தது.

பென்சிலில் ஈயம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இருப்பது கிராஃபைட், அதாவது கரி ஜாதி. இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்தில் அது கட்டியாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு யுத்தத்தால் சரக்கு வருவது நின்றுபோக, நிக்கோலா ழாக் கோன்ட்டே என்பவர் 1795ல் கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுக் குச்சியாக்கினார். களிமண் கூடினால் கெட்டி, அது H. கிராஃபைட் கூடினால் மெத்து, கருப்பு, அது B. ஸ்கூலில் நாம் பயன்படுத்திய HB நடுநிலை வகிப்பது, எங்கள் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி மாதிரி.

"செல்போன்ல ஒரு செல்ஃபி எடுத்து அதைப் பாத்து வரையட்டுமா சார்? ஆடாம இருக்கும்."

"கைக்கெட்டற தூரத்துல எடுத்தா மூக்கு பெருசாகும், காது பின்னால ஓடிடும். உங்க முகத்துக்கு ஏற்கெனவே போதுமான கஷ்டம் இருக்கு" என்றார். டியூப்லைட்டையும் அணைத்தார். ஜன்னலோரம் ஒரு பக்க வெளிச்சத்தில் உட்கார வைத்தார். டியூப்லைட் எல்லாத்தையும் தோசை மாதிரி தட்டையாக்கிடும், நிழல் விழுந்தால்தான் மூக்கு மூக்காக இருக்கும் என்பது அவர் கட்சி. நிஜம்தான். மூக்குக்குக் கோடே கிடையாது. பக்கத்திலும் அடியிலும் நிழலைப் போட்டால் மூக்கு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் ஒரு முட்டை. நெட்டுக்கு ஒரு கோடு, குறுக்கே சரிபாதியில் ஒரு கோடு. குறுக்குக் கோட்டில்தான் கண். நம்ப மாட்டீர்கள், உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நட்ட நடுவில்தான் மனிதனுக்குக் கண் இருக்கிறது. ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எல்லாரும் கண்ணை மேலே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். "நெத்தியில ஒண்ணும் இல்லேன்னு அதைச் சுருக்கிடுவாங்க தம்பி." என் விஷயத்தில் நெற்றி எங்கே முடிந்து தலை எங்கே ஆரம்பிக்கிறது என்பதே சர்ச்சைக்குரியது என்பதால் அந்தத் தப்பு நேரவில்லை. முக அகலம் சுமார் ஐந்து கண். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் வைக்கிற இடம். காது, புருவத்திலிருந்து மூக்கின் அடிவரை. இதெல்லாம் பொதுக் கணக்கு. அதிலிருந்து நீங்கள் எவ்வளவு விலகியிருக்கிறீர்களோ அதுதான் நீங்கள்.

"இப்ப அளவு எடுங்க. பென்சிலைக் கை நீட்டிப் பிடிங்க. இடது கண்ணை மூடிக்கிட்டு..."

"சார்."

"என்ன?"

"அதானே சார் பிரச்னையே."

மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சரி, வலது கண்ணை மூடலாம் என்றால், சொட்டு மருந்தில் மிதக்கிற இடது கண்ணுக்கு எதிரே இருப்பது நானா ஜன்னல் கம்பியா என்று தெரியவில்லை. கடைசியில் இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கையில் பென்சிலை நீட்டி அளவெடுத்தேன். பார்க்கிறவர்களுக்குக் கண் டெஸ்ட்டும் கம்புச் சண்டையும் ஒரே நேரத்தில் நடப்பது போல் இருந்திருக்கும்.

நாலு நாள் உழைத்து முதல் படம் முடிந்தது. மாஸ்டர் வாங்கி, தூர வைத்து, கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இது யாரு தம்பி?"

பார்த்தால், இரண்டு பக்கமும் கச்சிதமாக டாலி ஆகியிருந்தது. நேர் வாய். ஒரே உயரத்தில் புருவம். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் பார்வை கண்ணாடியிலிருந்து தாளுக்கு வருவதற்குள் கை அதைச் சரிபண்ணிவிட்டிருக்கிறது. கணக்கு இடிக்கும்போது 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றை எழுதி இரண்டு பக்கத்தையும் சமமாக்குவோமே, அந்த வேலை.

பக்கத்தில் என் பெண்ணும் ஒரு தாள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வட்டம், இரண்டு கண், மூன்று முடி, சாய்வாக ஒரே ஒரு கோடு வாய். அரை நிமிஷ வேலை. அதை எடுத்துப் பார்த்த மாஸ்டர் உடனே, "இது அப்பா" என்றார்.

* * *

வீட்டிலேயே அடைந்து கிடந்ததில் இந்த பெல் யார் என்று படித்துப் பார்த்தேன். டெலிபோன் பெல் இல்லை; ஆனால் அவரும் அதே எடின்பரோவில் பிறந்தவர்தான். சார்லஸ் பெல், 1774ல் பிறந்த ஸர்ஜன். முகத்தை அசைக்கிற நரம்பைப் பற்றி 1821ல் ராயல் சொசைட்டியில் கட்டுரை கொடுத்ததால் இந்த வியாதிக்கு அவர் பெயர். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அது இல்லை. மனுஷன் நல்ல ஓவியர். 1806லேயே, சிரிக்கும்போது எந்தச் சதை இழுக்கிறது, அழும்போது எது, பயத்தில் எது என்று ஓவியர்களுக்காக ஒரு தடிப் புத்தகம் எழுதியிருக்கிறார். 1815ல் வாட்டர்லூ யுத்தம் முடிந்ததும் போய், காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆபரேஷன் செய்து அவர்களைப் படமும் வரைந்திருக்கிறார். ஆக, என் வியாதிக்குப் பெயர் கொடுத்தவரே முதலில் முகத்தைப் பார்த்து வரைந்தவர். மாஸ்டரிடம் சொன்னேன். "பின்னே?" என்றார், தனக்குத் தெரிந்த குடும்பம் மாதிரி.

அவர் பதிலுக்கு ரெம்பிராண்ட் படங்கள் உள்ள ஒரு பழைய புத்தகம் கொண்டுவந்தார். ரெம்பிராண்ட் வாழ்நாள் பூராவும் தன் முகத்தையே வரைந்து தள்ளியவர் என்பது எல்லாருக்கும் தெரியும். 1630ல், இருபதுகளில் இருக்கும்போது, செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த குட்டிப் படங்கள் சில இருக்கின்றன. தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒன்றில் கண்ணை அகல விரித்து உதட்டைக் குவித்துக்கொண்டு முழிக்கிறார். ஒன்றில் முறைக்கிறார். ஒன்றில் பல் தெரிய இளிக்கிறார். அப்படியே என் பிஸியோதெரபி அம்மாவின் பட்டியல்! கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கோணங்கி செய்திருக்கிறார் அந்த மகானும். அன்று மத்தியானம் பயிற்சி செய்யும்போது வெட்கம் பாதி குறைந்திருந்தது.

ட்யூரர் என்ற ஜெர்மன்காரரின் படமும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. 1484ல் தன்னைக் கண்ணாடியில் பார்த்து வரைந்தபோது அவருக்கு வயது 13. அதுவும் பென்சில் இல்லை, வெள்ளிக் கம்பி முனை. போட்ட கோட்டை அழிக்கவே முடியாது. பையன் வயதாகிய பிற்பாடு, நான் குழந்தையாக இருந்தபோது கண்ணாடி பார்த்து வரைந்தது என்று அதன் மேலேயே எழுதியும் வைத்தார். படம் இன்றைக்கும் வியன்னாவில் ஆல்பர்ட்டினா மியூசியத்தில் இருக்கிறது. எனக்கு முப்பதுக்கு மேல், கையில் பிசைகிற ரப்பர், வந்தது ஓர் அன்னியர் படம்.

இரண்டாவது தாளை எடுத்தேன்.

இந்தத் தடவை மாஸ்டர் ஒரு தந்திரம் சொன்னார். "வாய்னு நினைச்சு வாயைப் போடாதீங்க. இந்தப் பக்கத்து முனைக்கும் அந்தப் பக்கத்து முனைக்கும் எத்தனை சாய்வு, அதை மட்டும் போடுங்க. யாரோட வாயோ." பென்சிலைக் குறுக்கே பிடித்துப் பார்த்தேன். வலது முனை இடது முனையைவிட ஒரு பென்சில் தடிமன் உயரத்தில் இருந்தது. மூன்று வாரமாக என்னைத் தெருவுக்கு வரவிடாமல் அடித்த விஷயத்தின் மொத்த அளவு, ஒரு பென்சில் தடிமன்! இடது இமை கீழே லேசாகத் தொங்கி, உள்பக்கச் சிவப்பு ஒரு கோடாகத் தெரிந்தது. வலது மூக்கோரத்திலிருந்து உதட்டுக்கு இறங்கும் மடிப்பு ஆழமாக, கோபக்காரக் கிழவனுக்குப் போல. இடது பக்கம் அந்த மடிப்பே இல்லை. பத்து வயது குறைந்தாற்போல மழமழவென்று இருந்தது. யோசித்துப் பார்த்தால் நஷ்டமான பக்கம்தான் இளமையாக இருக்கிறது. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பி.காமில் சொல்லித்தரவில்லை.

கண்ணின் வெள்ளை வெள்ளையே இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன். மேல் இமையின் நிழல் விழுந்து சாம்பலாகத்தான் இருக்கிறது. அதைத் தாளின் வெள்ளையாக விட்டால் பேய் முழி வந்துவிடும். தாளின் நிஜ வெள்ளையை ஒரே ஓர் இடத்துக்குத்தான் மிச்சம் வைக்க வேண்டும், கருவிழியில் ஜன்னல் பளிச்சிடுகிற ஒரு கடுகளவு புள்ளி. இடது கண் எப்போதும் ஈரமாக இருந்ததால் அதில் இரண்டு புள்ளி. தலைமுடியை ஒவ்வொன்றாக எண்ணி வரையக் கூடாது. கொத்துக் கொத்தாக நிழலைப் பிடித்து, ஓரத்தில் நாலு முடியை மட்டும் தனியாக இழுத்துவிட்டால் போதும். நாலு என்னிடம் இருந்தது. நிழலை விரலால் தேய்த்து மெழுகப் போனபோது கையில் ஒரு தட்டு விழுந்தது. "விபூதி பூசறீங்களா? கோடு போடுங்க." மீசையால் வாயின் சாய்வைக் கொஞ்சம் மறைக்கப் பார்த்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

6B வைத்து அழுத்தினாலும் ஓர் அளவுக்கு மேல் கருக்காது. கருப்பதற்குப் பதிலாக எண்ணெய்ச் சட்டி மாதிரி மினுமினுக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே கருப்பைக் கருப்பாக்க முடியாத இடத்தில் பக்கத்து இடத்தை வெளுப்பாக்க வேண்டும். இதற்கே மூன்று சாயந்திரம் போயிற்று. அந்த மூன்று சாயந்திரமும் எனக்கு வாய் கோணியிருக்கிறது என்ற ஞாபகமே இல்லை; அந்தச் சாய்வு சரியாக விழுந்ததா என்றுதான் கவலை.

முடித்து மனைவியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்படியே இருக்கு" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா கோணலை மாத்திப் போட்டுட்டீங்களே. அந்தப் பக்கம் இல்லே, இந்தப் பக்கம்."

சண்டையே வந்துவிட்டது. கண்ணாடியில் என் இடது பக்கம் எனக்கு இடதாகவே தெரியும்; தாளிலும் இடதாகவே போட்டேன். ஆனால் எதிரே நின்று பார்க்கிறவளுக்கு என் இடது அவளுக்கு வலது. நான் ஆயுசு பூராவும் பார்த்துவரும் முகத்தை அவள் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை, அவள் பார்க்கிற முகத்தை நான் பார்த்ததில்லை. இதை அவளுக்குக் கண்ணாடி, தோசைக் கரண்டி எல்லாம் வைத்து நிரூபிக்க அரைமணி ஆயிற்று. "என்னமோ. பொண்டாட்டி பாக்கற பக்கம்தான் கரெக்ட்" என்று முடித்துக்கொண்டாள். மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

(இன்னொன்றும் இருக்கிறது, ஆபீஸுக்கு நேரமாகாத நாளில் செய்து பாருங்கள். வெந்நீர் ஆவி படிந்த பாத்ரூம் கண்ணாடியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தெரிகிற உங்கள் முகத்தின் ஓரத்தை விரலால் கோடு போடுங்கள். பிறகு அளந்து பாருங்கள். நிஜ முகத்தில் சரிபாதிதான் இருக்கும். கிட்டப் போனாலும் பாதி, எட்டப் போனாலும் பாதி. இத்தனை நாள் பாதி அளவு முகத்தைப் பார்த்துத்தான் முழு அளவுக்கு பவுடர் போட்டிருக்கிறோம்.)

ஒரு வாரம் கழித்து, கன்னத்து நிழலில் ஏதோ சரியில்லை என்று மறுபடி படத்தோடு உட்கார்ந்தேன். பென்சிலை நீட்டி அளவு பார்த்தேன். மூக்கோரத்தில், நான் மழமழவென்று விட்டிருந்த இடத்தில், கண்ணாடியில் மெலிசாக ஒரு மடிப்பு தெரிந்தது. படத்தில் தப்பா, கண்ணில் தப்பா என்று இன்னொரு தடவை அளந்தேன்.

மாவுப் பாத்திரத்தோடு குறுக்கே போன மனைவி நின்றாள்.

"ஏங்க, கை எங்கே?"

"எந்தக் கை?"

"கண்ணைப் பொத்தற கை."

இடது கையில் டீ டம்ளர் இருந்தது. அது அங்கே கொஞ்ச நேரமாகவே இருந்திருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தேன். இடது கண் மூடியிருந்தது. முழுசாக இல்லை, இமைக்குக் கீழே ஒரு நூலிழை வெள்ளை பாக்கி. திறந்தேன். மூடினேன். திறந்தேன். அவள் மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். 'ப' ஒழுங்காக வராவிட்டாலும் கண்ணடிப்பதைக் காட்டலாமே. அவளும் திரும்ப அடித்தாள். அவளுக்கு இரண்டு கண்ணும் சேர்ந்துதான் மூடுகிறது, இன்னும் பழகவில்லை. சிரித்துவிட்டேன். வலது பக்கம்தான் அதிகம் போயிற்று. இடதும் கொஞ்சம் கிளம்பியது.

மாஸ்டர் வந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "இது இனிமே ஆகாது. மாடல் ஆடிட்டான்" என்றார்.

"சரிபண்ணிடட்டுமா சார்? அந்த மடிப்பை மட்டும் சேர்த்துட்டா..."

"தொடாதீங்க. தேதியைப் போட்டு எடுத்து வையுங்க. வேற தாள் எடுங்க."

பழைய படத்தில் தேதி போட்டு பீரோ மேல் வைத்தேன். கேட்ரிட்ஜ் தாள் இன்னும் மூன்று மிச்சம் இருந்தது. ஒன்றைப் பலகையில் கிளிப் போட்டு, HB எடுத்து முட்டையை ஆரம்பித்தேன். வாயை இப்போதே போட வேண்டாம், இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் மாஸ்டர், பேப்பரை எடுத்துக்கொண்டு மாடியேறும்போது.